பொருத்தமான முகம்

ஓஸ்வால்ட் என்று தனக்குப் பெயர் வைத்த அப்பாவை ஓஸ்வால்ட் இரண்டு முறைதான் திட்டியிருக்கிறார். முதல் முறை, காக்ஸ் டவுன் ரேஷன் கடையில். கார்டு எழுதிய கிளார்க் கடைசி எழுத்தை முழுங்கிவிட்டு மார்வாடிப் பெயர் மாதிரி 'ஓஸ்வால்' என்று எழுதிவிட, அடகுக்கடை சேட்டுக்கு எதற்கய்யா மண்ணெண்ணெய் என்று கடைக்காரன் வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டான். இரண்டாவது முறை, சீனாவில் விமானத்தை விட்டு இறங்கியபோது.

அங்கே ஒரு பெண் அவர் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓஸ்வால்ட் சிரித்துக்கொண்டே எதிரில் போய் நின்றார். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அட்டையை மறைக்கிறீர்கள், மிஸ்டர் ஓஸ்வால்ட் வருகிற நேரம் என்று கையால் காட்டினாள். நான்தான் அது என்றார். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகும் நம்பிக்கை விடாமல் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கடைசிப் பயணி போய், தரை துடைக்கிறவர் வந்த பிறகுதான் அட்டை இறங்கியது. அவள்தான் மிஸ் லியூ. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு ஆசிரியர்களைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி. ஓஸ்வால்டைத் தொலைபேசியில் பேசியே வேலைக்கு எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு, போட்டோ பார்க்காமல் யாரையும் எடுப்பதில்லை என்று ஒரு விதி வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தன்னுடைய நிரந்தரமான பங்களிப்பு அதுதான் என்று ஓஸ்வால்ட் சொல்லிக்கொள்வார்.

செமஸ்டர் தொடங்கிவிட்டதால் திருப்பி அனுப்பவில்லை. அப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது. வகுப்புக்கு அறுபது பிள்ளைகள். பனிக்காலத்தில் சாக்பீஸ் பிடித்த விரல் மரத்துப்போகும். பிள்ளைகள் ஜாடியில் வெந்நீர் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள், குடிக்க அல்ல, கை வைத்துக்கொள்ள. அம்மாவை 'ஹீ' என்றும் அப்பாவை 'ஷீ' என்றும் சொல்லும் அந்தப் பிள்ளைகளை ஒரு நாளும் அதட்டாமல், நூறு தடவையானாலும் நூறு தடவையும் பொறுமையாகத் திருத்துவார். அந்தப் பொறுமையில் கால்வாசியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

பெற்றோர் வரும் நாளில் மட்டும் அவரை மேடையில் உட்கார வைக்கமாட்டார்கள். யூரி என்று ஒரு ரஷ்யாக்காரன் இருந்தான். அவனுக்கு ஆங்கிலத்தில் உணவுப் பெயர்கள் மட்டும் தெரியும். கோட்டு மாட்டிக்கொண்டு அவன் மேடையில் உட்காருவான். கேட்டுப் பழகும் பாடத்துக்கான கேசட்டில் பேசுவது ஓஸ்வால்ட், அட்டைப் படத்தில் சிரிப்பது யூரி. ஓஸ்வால்ட் அதையும் ஜோக்காக்கி வைத்திருந்தார். அந்த ஜோக்குக்குச் சிரிக்க அங்கே யாரும் இல்லை.

நாலாவது வருஷ ஜூலை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது மிஸ் லியூ போன் செய்தாள். யூரி போய்விட்டானாம். வெளிநாட்டு ஆசிரியர் என்றீர்களே, அவர் எங்கே என்று பெற்றோர் கேட்கிறார்களாம். பிள்ளைகளின் ஆங்கிலத்தில் இந்திய வாடை அடிக்கிறதாம். அதனால் அடுத்த வருஷம் வரவேண்டாம். மன்னிக்க வேண்டும். கடைசியில் ஒரு உதவி கேட்டாள்.

"உங்கள் ஊரில் உங்களைப் போலவே பெயர் உள்ளவர்கள் நிறைய இருப்பார்களே. பொருத்தமான முகம் உள்ள யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

அன்றைக்குத் தூறலில் நனைந்துகொண்டு வீலர் ரோட்டில் இருந்த இன்டர்நெட் கடைக்குப் போனார் ஓஸ்வால்ட். மச்சான் கிளெமென்டின் போட்டோ ஒன்றை அனுப்பி, 'இந்த முகம் பொருந்தும்' என்று ஒரு வரி எழுதினார். கோபம் வந்தால் ஜோக்கடிப்பது அவருடைய வியாதி. ஜோக் புரியாத இடத்துக்கு அதை அனுப்புவது அதைவிட முற்றிய வியாதி.

கிளெமென்ட், ஓஸ்வால்டின் மனைவி பிரிஜெட்டின் தம்பி. அக்காவோடுதான் இருந்தான். பகலில் பேக்கரி வேன் ஓட்டுவான், சனி ஞாயிறில் கல்யாண வீட்டு பேண்டில் பாடுவான். மூன்று தலைமுறைக்கு முன்னால் கண்டோன்மெண்ட் பட்டாளத்தில் இருந்த யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பூனைக்கண்ணும் செம்பட்டை முடியும், அக்காவை விட்டுவிட்டு, பத்தாவது பெயிலான இந்தத் தம்பிமேல் மட்டும் வந்து இறங்கியிருந்தன. எம்.ஜி. ரோட்டில் நின்றால் ஆட்டோக்காரர்கள் அவனிடம் ஆங்கிலத்தில் பேரம் பேசுவார்கள். அவன் கன்னடத்தில் திருப்பிக் கொடுப்பான். எந்த மொழியில் பேசினாலும் 'மேன்' என்பதை 'மென்' என்று கடைசியில் சேர்த்துக்கொள்வான்.

இரண்டு நாளில் மிஸ் லியூ மறுபடி கூப்பிட்டாள். மிக மிகப் பொருத்தம். அடுத்த வாரம் சனிக்கிழமை போனில் பேசிவிட்டு முடிவு செய்துவிடலாம்.

பிரிஜெட் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். பிள்ளை இல்லை. நாலு வருஷமாகப் பிறர் பிள்ளைகளுக்கு 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து தம்பிக்குச் சமைத்துக்கொண்டிருந்தவள்.

"யாரு போன்ல?"

"யுனிவர்சிட்டி. என்னை வேணாங்கறாங்க. உன் தம்பிய வரச் சொல்றாங்க."

"கிண்டலா?"

"கிண்டலாத்தான் ஆரம்பிச்சேன்."

விஷயத்தை அவர் வாயிலிருந்து வாங்குவதற்கு அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. "வேலை போனத ஒரு வார்த்தை சொல்லல. ஆனா என் தம்பி மூஞ்சிய எடுத்தும்போயி ஊர் சிரிக்க வெச்சிருக்கீங்க. அவன் மூஞ்சி உங்களுக்கு வெளையாடறதுக்கு கெடச்சுதா?"

அதற்குப் பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

மாலையில் கிளெமென்ட் மிஞ்சின பன்னு பொட்டலத்தோடு நனைந்துகொண்டு வந்தான். தலையைத் துவட்டவில்லை, அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது.

"இன்னா மாமா, என்னைய ஏத்துமதி பண்றீங்களாமே, மென்."

"பத்தாவது பெயிலானவன யுனிவர்சிட்டிக்கு ஏத்துமதி பண்றது சரித்திரத்துலயே முதல் தடவைடா."

"பெயிலுன்னு என் மூஞ்சில எழுதியிருக்குதா? உங்க மூஞ்சிலயும்தான் எம்.ஏன்னு எழுதல. படிச்சுப் படிச்சு கறுத்ததுதான் மிச்சம்."

"போதும், சாக்கு," என்றாள் பிரிஜெட் தமிழும் கன்னடமுமாக. "கிளெமென்ட், உங்க மாமா சாப்பிடறாரான்னு கேளு."

மாமா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, சாப்பிடறீங்களான்னு கேக்குது அக்கா."

"பசிக்கலன்னு சொல்லு."

"பசிக்கலியாம்."

"காது கேக்குது எனக்கு," என்று சொல்லிவிட்டு, பசிக்காதவருக்கும் சேர்த்து மூன்று தட்டு வைத்தாள்.

அந்த வீட்டில் ஓஸ்வால்ட் இப்போது ஒரு வெளிநாட்டு ஆசிரியர்தான். அவருடைய நாற்காலியில் கிளெமென்டின் ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருந்தது. அவருடைய ஸ்கூட்டர் கிளெமென்டுக்குப் பழகி, இவர் உதைத்தால் கிளம்ப மறுத்தது. கட்டிலில் பிரிஜெட் நாலு வருஷத்தில் நடுவுக்கு வந்திருந்தாள். ஓரத்துக்கு நகரும்படி கேட்க அவருக்கு எந்த மொழியிலும் வார்த்தை வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், பக்கத்து வீட்டு டென்சில் இவரைத் தாண்டிப் போய்க் கிளெமென்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கிளெமென்டைத் தயார் செய்கிற வேலையும் ஓஸ்வால்ட் தலையில்தான் விழுந்தது. பிரிஜெட் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஆரம்பிச்சவங்க முடிச்சு வெக்கட்டும்." சுவர் ஒப்புக்கொண்டது.

"உன்னப் பத்திச் சொல்லு," என்றார் ஓஸ்வால்ட்.

"மைசெல்ஃப் கிளெமென்ட்."

"மைசெல்ஃப் இல்ல. ஐ ஆம்."

"எல்லாரும் மைசெல்ஃபுன்னுதான் சொல்றாங்க, மென்."

"எல்லாரும்னா யாரு? பன்னு லோடு ஏத்தறவங்களா?"

"ஏன், லோடு ஏத்தறவன் வாய்க்கு வந்தா இங்கிலீஷு ஊசிப்போயிடுமா?"

"ஊசிப்போன வாடைதான் இங்க வரைக்கும் அடிக்குதே."

"அப்ப உங்க இங்கிலீஷ்ல இன்னா வாடை மாமா? அத்தினி வாசனையா இருந்தா ஏன் போவச் சொன்னாங்க?"

இப்படித்தான் பாடம் நடந்தது. ஒரு நாள் கிளெமென்ட் மூன்றாவது முறையாக 'மைசெல்ஃப்' என்றபோது, விட்டுவிடலாமா என்று ஓஸ்வால்டுக்குத் தோன்றியது. சரி, அதையே சொல்லு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீதியை மிஸ் லியூ பார்த்துக்கொள்வாள். வேறு ஆள் அகப்படாமல் செமஸ்டர் தொடங்கிவிட்டால், முதல் வருஷம் மாதிரியே, இவரையே கூப்பிட்டாலும் கூப்பிடுவாள். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவருடைய பழிவாங்கும் குணத்தைவிட வாத்தியார் குணம் ஒரு விரற்கடை உயரம். தப்பான வாக்கியத்தை அப்படியே தெருவில் விட்டுவிட்டு வர அவரால் ஆகாது.

"ஐ ஆம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஐ ஆம்," என்றான் கிளெமென்ட், அதைவிடப் பல்லைக் கடித்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சண்டை உச்சத்துக்குப் போனது. பிரிஜெட் அடுத்த நாளுக்கு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஓஸ்வால்ட் புத்தகத்தை மூடிவிட்டு, "இவன் அங்க போனா ஒரே வாரம். வாயத் தொறந்ததும் திருப்பி அனுப்பிடுவாங்க," என்றார்.

முறம் தரையில் பட்டென்று உட்கார்ந்தது.

"அனுப்பட்டும்," என்றாள் பிரிஜெட், பல நாளுக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்து. "திருப்பி அனுப்பினா வீட்டுக்குத்தானே வருவான். நீங்க ஒரு வருஷம்னு சொல்லிட்டுப் போனீங்க. நாலாச்சு. போன வருஷம் நான் டைபாய்டுல ஆஸ்பத்திரில கெடந்தேன். கஞ்சி எடுத்தாந்து ஊட்டினது யாரு? இந்த பத்தாவது பெயிலு. நீங்க போன் பண்ணீங்க. இன்னா சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

ஓஸ்வால்ட் மூடிய புத்தகத்தை மறுபடி திறந்தார்.

"'ஐ ஆம் ஹேவிங் டைபாய்ட்'னேன். 'ஐ ஹேவ் டைபாய்ட்', அதான் கரெக்டுன்னீங்க."

"நான் ஜோக்குக்குச் சொன்னேன் பிரிஜி."

"எனக்கு நூத்தி நாலு டிகிரி."

வெளியே தூறல் தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கிளெமென்ட் எழுந்து போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஆம்ப்ளிஃபயரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இந்த வீட்டுலேந்து ஒருத்தரு போய்த்தான் ஆவணும்னா, இந்த வாட்டி அவன் போவட்டும்," என்றாள் அவள். "நீங்க கெடங்க இங்க. அவ்ளோதான். அவனுக்கு ஒழுங்கா சொல்லிக் குடுங்க."

முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னதில் திருத்துவதற்கு ஓஸ்வால்டுக்கு ஒன்றும் அகப்படவில்லை. 'கெடங்க' என்ற வார்த்தையை மட்டும் நெடுநேரம் மனசில் புரட்டிக்கொண்டிருந்தார். திட்டா, அழைப்பா என்று பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே வீட்டில் தேங்காய்ப்பால் மணம். பிரிஜெட் மஞ்சள் சோறும் பால் கறியும் வைத்தாள். பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கொத்துக்கறியைப் பந்துபோல உருட்டிப் போடும் குழம்பு அது. பந்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ அதுதான் அந்தப் பகுதித் தமிழில் பால் ஆகிவிட்டது. கிளெமென்ட் பேண்டில் பாடும்போது போடுகிற நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான்.

"போன்ல கோட்டு தெரியாதுடா," என்றார் ஓஸ்வால்ட்.

"எனக்குத் தெரியும்ல."

மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஓஸ்வால்ட் சீனாவிலிருந்து வாங்கிவந்த போன். பொத்தானை அழுத்தினால் பேசுவது கூடம் முழுக்கக் கேட்கும். மணி அடித்தது. கிளெமென்ட் பொத்தானை அழுத்தினான்.

மிஸ் லியூவின் குரல் கூடத்துக்குள் வந்தது. வணக்கம் சொன்னாள். கிளெமென்ட் அழகாகத் திருப்பிச் சொன்னான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள்.

கிளெமென்டின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. ஐந்நூறு பேர் இருக்கிற மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறவன். இப்போது நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஹலோ, கேட்கிறதா என்றாள் அவள். பிரிஜெட் கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கெடுத்தால் கொன்றுவிடுவேன் என்பதும் இருந்தது.

ஓஸ்வால்ட் போன் பக்கம் குனிந்தார். "ஐ ஆம் கிளெமென்ட்," என்றார்.

பிறகு அவரே பேசினார். எந்த ஊர், பாடம் எடுப்பதில் என்ன பிடிக்கும், கூச்சப்படுகிற பிள்ளையை எப்படிப் பேசவைப்பது என்றெல்லாம் அவள் கேட்கக் கேட்கச் சொன்னார். குரலை மாற்றக்கூட இல்லை. நாலு வருஷம் அவளிடம் பேசிய அதே குரல். தப்பாகச் சொல்கிற பிள்ளைக்கு முன்னால் சரியாக ஒரு தடவை சொல்லிவிட்டு, அது தானாகத் திருத்திக்கொள்கிறவரை காத்திருக்க வேண்டும், சிரிக்கக்கூடாது என்றார். அதைச் சொல்லும்போது பிரிஜெட் இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

"அருமை," என்றாள் மிஸ் லியூ. "உங்கள் போட்டோ என் மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறேன். எவ்வளவு சுத்தமான ஆங்கிலம். இதற்கு முன்னால் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இங்கே இருந்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் வாயைத் திறந்தாலே வாடை. பிள்ளைகளையும் கெடுத்துவிட்டார். நீங்கள் அவரைப் போல் இல்லை."

ஓஸ்வால்டுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. இதைவிட நல்ல ஜோக்கை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனால் சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. "நன்றி, மேடம்," என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார்.

அதற்குள் கிளெமென்ட் அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு போன்மேல் கவிழ்ந்துவிட்டான்.

"ஹலோ மேடம். திஸ் இஸ் கிளெமென்ட், மென். தட் வாஸ் நாட் மீ டாக்கிங். தட் வாஸ் மை பிரதர்-இன்-லா. சேம் ஓஸ்வால்ட். யூ ஆர் சேயிங் வாட் வாடை? யூ ஹேவ் நோஸ் ஆர் வாட்?"

"டேய்," என்றார் ஓஸ்வால்ட்.

"சும்மா இரு மாமா." இங்கிலீஷ் தீர்ந்துபோய்த் தமிழில் இறங்கிவிட்டான். "பத்து நாளா நானும்தான் இவர ஏசினேன். நான் ஏசலாம், எங்க வூட்டு ஆளு. அவ யாரு ஏசறதுக்கு? ஒரே வாயி. கறுப்பா இருந்தா வாடை, செவப்பா இருந்தா வாசனையா? என் மூஞ்சிய வெச்சு இவரு வாய வாங்கறாளா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. மிஸ் லியூவுக்குக் கோபமே வரவில்லை. நிதானமாகக் கேட்டாள். "அப்படியானால் மிஸ்டர் ஓஸ்வால்டும் அங்கேதான் இருக்கிறாரா?"

"இருக்கிறேன்," என்றார் ஓஸ்வால்ட்.

"நல்லதாகப் போயிற்று. இரண்டு பேரும் வந்துவிடுங்கள். அவர் வகுப்பில் நிற்கட்டும். நீங்கள் பாடம் எழுதிக்கொடுங்கள், கேசட்டில் பேசுங்கள். ஒரே அறை தருகிறோம்."

பிரிஜெட்டுக்கு முழுதாகப் புரியவில்லை. "இன்னா சொல்றா?"

"ரெண்டு பேரையும் வரச் சொல்றா. இவன் முன்னாடி நிக்கணுமாம். நான் பின்னாடி பேசணுமாம்."

அவமானப்பட்ட இரண்டு ஆண்பிள்ளைகளும் அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கிளெமென்ட் ஓஸ்வால்டைப் பார்த்தான், ஓஸ்வால்ட் கிளெமென்டைப் பார்த்தார். விமானத்தில் ஏறாதவனுக்கு விமானம் கண்ணில் தெரிந்தது. வகுப்பை விட்டு வந்தவருக்கு அறுபது பிள்ளைகளும் வெந்நீர் ஜாடியும் தெரிந்தன. போனால்தான் என்ன என்பதுபோல இரண்டு பேரும் ஒரு மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு பிரிஜெட்டுக்கு நன்றாகக் கேட்டது.

எழுந்து வந்தாள். ரிசீவரைக் கையில் எடுத்தாள். சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தனியாக விழ, தெளிவாகச் சொன்னாள்.

"ராங் நம்பர், மேடம்."

வைத்துவிட்டாள்.

"அக்கா," என்றான் கிளெமென்ட், "அரை மணி நேரம் பேசிட்டு ராங் நம்பருன்னா எப்டி?"

"கோட்டக் கழட்டு. கொழம்பு பட்டா போவாது." பிறகு ஓஸ்வால்ட் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தனியா சொல்லணுமா? கை கழுவிட்டு வாங்க."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முதல் கவளம் வாய்க்குப் போகும்போது போன் மறுபடி அடித்தது. ஓஸ்வால்ட் பாதி எழுந்துவிட்டார். பிரிஜெட் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்துகொண்டார்.

"திங்கக்கெழமைலேந்து இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள்.

"தெரியல."

"எங்க பேக்கரில ஆளு கேக்கறாங்க, மாமா," என்றான் கிளெமென்ட் வாய் நிறையச் சோற்றோடு. "லோடு ஏத்தறதுக்கு. அங்க மூஞ்சியும் பாக்கமாட்டாங்க, வாயும் பாக்கமாட்டாங்க. முதுகத்தான் பாப்பாங்க."

"முதுகு எப்டிடா இருக்கணும்?"

"உங்களது பத்தாது."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிரிஜெட் குழம்புச் சட்டியைச் சாய்த்து, அடியில் கிடந்த பெரிய உருண்டையைத் தேடி எடுத்து, கேட்காமலே ஓஸ்வால்ட் தட்டில் போட்டாள்.